மெடிங் அனுப்பிய மெத்தை ஷூ

மாபினி, பத்தங்காஸ்
திருவிழா முடிந்த புதன்கிழமை

அன்புத் தங்கை மெடிங் என்கிற ரெமெடியோஸுக்கு, உன் மூத்த சகோதரனும் நகராட்சிப் பதிவு அலுவலகத்தின் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தருமான எலூதெரியோ மகதங்காய் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இங்கு நானும் உன் அண்ணி லூடியும் நலம், என் பாதங்கள் இரண்டைத் தவிர. அங்கு நீயும், நீ பார்த்துக்கொள்ளும் கிழவி அம்மாளும், அந்த அம்மாளின் பூனையும் நலமாக இருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். போன் இருக்கிற காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். மிலான் தொலைவில் இருக்கிறது, அதனால் சத்தமாகப் பேச வேண்டும் என்பது உன் அண்ணியின் கொள்கை. ஸ்பீக்கரைப் போட்டு அவள் பேசினால் எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகவே பதில் சொல்கிறார்கள். இதில் எழுதியிருக்கும் விஷயம் எதிர் வீட்டுக்குப் போகக்கூடாத விஷயம். லீவில் ஊருக்கு வந்த உன் மிலான் தோழி கோரா நாளைக்குத் திரும்ப விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று ஞாயிறாக நீ போன் பண்ணவில்லை. வேலை அதிகம் என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தாய். அதன் கடைசியில் ஒரு கேள்வி: "அண்ணா, நான் அனுப்புன ஷூ எப்படி இருக்கு? குதிகால்ல மெத்துன்னு இருக்கா? நாள் பூரா நின்னா தாங்குமா? மழுப்பாம சொல்லு." அடுத்த ஜோடி அனுப்ப நினைக்கிறாய், பழைய மாதிரியே எடுக்கலாமா வேறு எடுக்கலாமா என்று யோசிக்கிறாய், புரிகிறது. நல்ல கேள்விதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஊரிலுள்ள பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் "இது உண்மை நகல்" என்று கையெழுத்துப் போட்டவன் நான். கண்ணால் பார்க்காத எதற்கும் முத்திரை குத்தியது கிடையாது. உன் ஷூ மெத்தென்று இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? நான் அதைப் போட்டதே இல்லையே!

கோபப்படாதே, முழுதும் படி. சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்து வந்தபோது டாக்டர் யெங் என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கும். "தாத்தா, காலைல வேகமா நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க, ஆனா இந்த ரப்பர் செருப்போட வேணாம், நல்ல மெத்தை வச்ச ஷூ வாங்குங்க" என்றாள். நான் அன்றைக்கே சந்தை ஓரக் கடையில் ஒரு ஜோடி வாங்கி வரக் கிளம்பினேன். லூடி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "மிலான்ல தங்கச்சி இருக்கறப்ப சந்தைக் கடையில ஷூ வாங்குவீங்களா? ஊர் என்ன பேசும்? மெடிங் அண்ணனைக் கைவிட்டுட்டான்னு பேசும்!" என்றாள். அதனால் உனக்குச் சொன்னோம். நீயும் கடை கடையாக ஏறி, பழுத்த பப்பாளி பார்ப்பது போல ஒவ்வொரு ஷூவின் குதிகாலிலும் கட்டை விரலை அழுத்திப் பார்த்து, கடைக்காரன் முறைக்க முறைக்கத் தேர்ந்தெடுத்த கதையைப் போனில் பேசிப் பதிவாக அனுப்பியிருந்தாய். சோப்பு, சாக்லேட் டப்பா, டின் மாட்டிறைச்சி எல்லாவற்றோடும் பெட்டி வந்தது. வானத்து நீலம், ஓரத்தில் ஆரஞ்சு. சோபாவில் உட்கார்ந்து ஒரு தரம் காலை நுழைத்துப் பார்த்தேன். தரையில் வைக்க லூடி விடவில்லை. "மிலான் சாமான் அது. விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்" என்று வாங்கி, கண்ணாடி அலமாரியில் குழந்தை இயேசு சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டாள்.

விசேஷம் என்றால் எது என்பதில்தான் சிக்கல். கல்யாணம் வந்தது, தோல் ஷூ போட்டேன். ஞானஸ்நானம் வந்தது, அதற்கும் அதேதான். ஓட்ட ஷூ போடும் விசேஷம் ஒன்றும் நம் வீட்டில் வரவில்லை. வருஷம் மூன்று போய்விட்டது. விருந்தாளி வந்தால் லூடி முதலில் ஷூவைக் காட்டுவாள், பிறகுதான் காப்பி. வாரம் தவறாமல் துடைப்பாள். நான் அந்தக் காலை நேரமெல்லாம் அதே ரப்பர் செருப்பில்தான் துறைமுகம் வரை நடந்தேன். "மெத்தை ஷூ வாங்கிட்டீங்கதானே தாத்தா?" என்று டாக்டர் கேட்டபோது, "வீட்டுல இருக்கும்மா" என்றேன். அது பொய்யில்லை, கவனித்துக்கொள்.

உன் கேள்வி வந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். திருவிழா அன்று காலை ஊரைச் சுற்றி ஓட்டம் வைத்திருந்தார்கள். சிறுசு பெருசு எல்லாரும் ஓடலாம். அதில் போட்டு ஓடிப் பார்த்துவிட்டு உனக்கு முறைப்படி சான்றிதழ் அனுப்புவது என்று தீர்மானித்தேன். லூடியிடம், "திருவிழாவை விட விசேஷம் எது, என் சாவா?" என்று கேட்டேன். "செத்தவங்களுக்கு ஷூ போடக்கூடாது, ராத்திரி வீட்டுல நடக்கற சத்தம் கேக்கும்" என்று நியாயம் பேசிக்கொண்டே அலமாரிச் சாவியை எடுத்தாள். பக்கத்து வீட்டுப் படோங், நம் பெரியவனுக்கு ஞானத்தகப்பன், அவனும் ஓட வந்தான். என் காலைப் பார்த்து, "டேய் தெரியோ, கால்ல போட்டிருக்கியா, இல்ல காலை அதுல காட்சிக்கு வச்சிருக்கியா?" என்றான். பொறாமை.

மெடிங், இனி வருவதை ஒரு வரி விடாமல் சான்றளிக்கிறேன். கோயில் வாசலிலிருந்து ரொட்டிக் கடை வரை சொர்க்கம். தரை என்று ஒன்று இருப்பதையே என் முழங்கால் மறந்துவிட்டது. வேறு யாருடைய காலையோ இரவல் வாங்கி ஓடுவது மாதிரி இருந்தது. உன்னை நினைத்தேன், வாய்விட்டு வாழ்த்தினேன், படோங்கே சாட்சி. ரொட்டிக் கடையைத் தாண்டியதும் வலது குதிகால் லேசாக உள்ளே போனது. மெத்தை அப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் போனது. பின்னால் படோங், "டேய், உன் கிட்டேருந்து என்னமோ உதிருதுடா!" என்றான். திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழி நெடுக வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் கிடக்கின்றன. வண்டி மோதிய மரவள்ளிக் கேக் மாதிரி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லூடி ஓடி வருகிறாள், என்னைத் தூக்க இல்லை, துண்டுகளைப் பொறுக்க! "மிதிக்காதீங்க! மிலான் சாமான்! ஏய், அந்த நாயைப் புடிங்க, ஒரு துண்டை முழுங்கிடுச்சு!" என்று கத்துகிறாள். இடது ஷூவின் அடிப்பாகம் நாக்கு மாதிரி தொங்கிச் சப்சப்பென்று அடித்து, ஒரு கட்டத்தில் தானாகக் கழன்று சாக்கடைப் பக்கம் போனது. மேலே நீலத் துணியும் கயிறும் மட்டும் காலில் மிச்சம். "இது ஓடாம வச்சா ஊசிப்போற சாமான்டா. நம்ம வெக்கைக்கும் ஈரத்துக்கும் அலமாரியில வச்சா பொடியாத்தான் போகும். கேக்கை மூணு வருஷம் வச்சிருந்து தின்னுவியா?" என்று படோங் அந்த இடத்தில் நின்றுகொண்டு விரிவுரை ஆற்றினான். இதை அவன் மூன்று வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம். அப்போது வந்து காப்பி குடித்துவிட்டு "அழகா இருக்கு, தொடாதே" என்று சொன்னவன் அவன்தான்.

ஓட்டத்தைப் பாதியில் விட்டால் மகதங்காய் குடும்பத்துக்கு அசிங்கம். மிச்சத்தை வெறுங்காலில் ஓடினேன். மே மாதத்துத் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. எல்லாரும் வந்து சேர்ந்து சர்பத்தும் குடித்து முடித்த பிறகு, கடைசி ஆளாகக் கண்ணில் நீர் வழிய நான் வருகிறேன். எனக்குப் பின்னால் உன் அண்ணி, ஷூத் துண்டுகளைக் கைக்குட்டையில் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏதோ புனிதரின் எலும்பு அருளிக்கம் போல ஏந்தி வருகிறாள். மேடையில் பங்குச்சாமியார் மைக்கைப் பிடித்தார். "இதோ பாருங்க! எல்லாரும் ஷூ போட்டு ஓடினாங்க, இந்தப் பெரியவர் வேண்டுதலுக்காக வெறுங்கால்ல வந்திருக்கார்!" என்றார். கூட்டத்தில் எல்லாரும் சிலுவைக்குறி போட்டார்கள். சாமியார் இறங்கி வந்து மைக்கை என் வாயருகில் நீட்டி, "யாருக்காக எலூதெரியோ, இந்த வேண்டுதல்?" என்று கேட்டார்.

நீயே சொல், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மிலானிலிருந்து வந்த ஷூ ரொட்டிக் கடை தாண்டவில்லை என்று மைக்கிலா சொல்வது? அடுத்த நிமிஷம் ஊர் என்ன பேசும்? "மெடிங் கழிச்சுப்போட்ட சரக்கை அண்ணன் தலையில கட்டியிருக்கா" என்று பேசும். நீ அங்கே அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து வாங்கினது அது. அதை ஊர் வாயில் போட எனக்கு மனசு வரவில்லை. "என் தங்கச்சிக்காக, சாமி" என்றேன். இது எழுத்துக்கு எழுத்து உண்மை. "மெடிங்குக்கா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் குனிந்தேன். உள்ளங்காலில் கொப்புளம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் குனிந்தேன். ஊர் அதை "ஆமாம்" என்று எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. மத்தியானம் வரை உனக்கு முழங்காலில் ஏதோ என்றுதான் பேச்சு. சாயங்காலம் அது ஆபரேஷன் ஆனது. மறுநாள் சந்தையில் லூடி கேட்டபோது உனக்கு இதயமும் சரியில்லை. உன் பள்ளித் தோழி சோலெங் வாழையிலையில் கட்டிய சுமான் பலகாரத்தை ஒரு கூடை கொண்டுவந்து வைத்து, என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளைத் தேற்றி நானும் கொஞ்சம் அழ வேண்டியதாகிவிட்டது. பாடகர் குழு வீட்டுக்கு வந்து பாடிவிட்டுப் போனது. யாரோ ஒருவர், நீ வந்து இறங்கும்போது தேவைப்படும் என்று சக்கர நாற்காலி கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார், லூடி அதில் துணி காயப்போடுகிறாள். நூடுல்ஸ், கோழிக்குழம்பு, கேக் என்று வந்து குளிர்ப்பெட்டி மூடவில்லை. "நல்ல ஜனங்கங்க" என்கிறாள் உன் அண்ணி, வாய் நிறைய. எல்லாவற்றுக்கும் மேலே மேயர் சந்தை முனையில் பேனர் கட்டிவிட்டார். "நம் மெடிங் நலம்பெற ஜெபிப்போம்" என்று போட்டு, உன் பள்ளிக்கூடத்து இரட்டைச்சடைப் படத்தைத் தபால்தலை அளவிலும் தன் படத்தைக் கதவு அளவிலும் போட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு உனக்காகப் பாடற்பூசை.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷூ விஷயம்தான் தாங்கவில்லை. என் உள்ளங்காலைப் பார்த்த டாக்டர் யெங், "உடனே மெத்தை ஷூ வாங்குங்க, சாதாரண ஷூ வேணாம்" என்று கண்டித்துச் சொன்னாள். வேண்டுதல்காரன் ஊரார் கண் முன்னால் ஷூ வாங்க முடியாது என்பதால் ஜீப்னி பிடித்து நகரத்துக் கடைக்குப் போனேன். ஷைரா என்று ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. உன்னைப் போலவே நானும் குதிகாலைக் கட்டை விரலால் அழுத்தினேன். "அழுத்திப் பார்த்தா தெரியாது சார், போட்டு நடங்க. விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கணும், குதிகால் நழுவக்கூடாது. ரொம்ப மெத்துன்னு இருந்தா சேத்துல நிக்கற மாதிரி கால் அசந்துபோகும், உள்ள அமுங்கித் திருப்பித் தள்ளணும்" என்றாள். ஒரு ஜோடி ரொம்பக் கெட்டி, ஒன்று புதைமணல், ஒன்றில் சுண்டுவிரல் கூச்சல் போட்டது. கடைசியாகப் போட்ட சாம்பல் நிற ஜோடியில் எழுந்து நின்றேன். வலியே இல்லை, மெடிங். கடைக்குள் ஒரு சுற்று வந்தேன், இன்னொரு சுற்று வந்தேன், சிரித்துக்கொண்டே வந்தேன். "தெரியோ அண்ணே!" என்று ஒரு குரல். சோலெங்! பேரப்பிள்ளைக்கு ஷூ வாங்க வந்தவள் என் காலையே பார்த்தபடி நிற்கிறாள். "ஷூ போட்டிருக்கீங்களே! அப்ப வேண்டுதல் முடிஞ்சுதா? மெடிங் எழுந்துட்டாளா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. "பேரனுக்கு அளவு பார்க்கிறேன்" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு வயசுப் பேரனுக்கு என் கால் அளவில் ஷூ. அவள் அதையும் நம்பினாள். வெறுங்காலோடு திரும்பினேன். ஜீப்னிக்காரன், "வேண்டுதல்காரர் கிட்ட காசு வாங்க மாட்டேன்" என்று கும்பிட்டான். இன்றைய தேதிக்கு இந்த ஊரில் நான் ரப்பர் செருப்புக் கூடப் போட முடியாது. நீ குணமாகும் வரை.

ஆகவே பின்வரும் கோரிக்கையைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். பூசை முடிகிற வரை நீ யாரிடமும் நலமாக இருக்கிறேன் என்று சொல்லித் தொலைக்காதே. முகநூலில் பேனர் படம் உன் கண்ணில் பட்டால் அடியில் சிரிப்புப் பொம்மை போடாதே. ஞாயிறு கழிந்ததும் குணமாகு, ஆனால் ஒரேயடியாக எழுந்து நிற்காதே, அற்புதம் என்று சொல்லி ஊர்வலம் எடுத்துவிடுவார்கள், அதிலும் நான்தான் வெறுங்காலோடு முன்னால் போக வேண்டியிருக்கும். திங்களன்று சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பது போல் ஒரு படம் போடு. இரண்டு மூன்று நாளில் ஜன்னலருகே நிற்பது போல் ஒன்று. அன்றைக்கே நான் ஷூக் கடைக்குப் போய்விடுவேன். எனக்கென்று அங்கே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். மிலானிலிருந்து எது வந்தாலும் உன் அண்ணி கும்பிடுவாளே தவிர, போட விடமாட்டாள். வாழ்நாளெல்லாம் உண்மைக்கு முத்திரை குத்திய கை, இந்த வயசில் ஊர் முன்னால் பொய்யன் என்று நிற்கக்கூடாது. என் மானம் இப்போது உன் படுக்கையில் கிடக்கிறது. நன்றாகப் படுத்துக்கொள்.

உன் அண்ணி முத்தங்களைச் சொல்லச் சொன்னாள், சோப்பு தீரவில்லை என்றும் சொல்லச் சொன்னாள். அது எப்படித் தீரும், ஒன்றையும் பிரித்ததே இல்லையே. படோங் விசாரித்தான். நாய் நலமாக இருக்கிறது. தேவ அன்னையின் முக்காடு உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
எலூதெரியோ மகதங்காய்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கோரா கடிதம் வாங்க வந்தாள். உட்காரவில்லை. "அண்ணே, யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள். எதை என்றேன். உன் கூடத் தங்கியிருக்கும் நெனெத் மேயரின் பேனரை முகநூலில் பார்த்துவிட்டுக் கோராவுக்குப் போன் போட்டுத் திட்டினாளாம். "அண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னு மெடிங் சத்தியம் வாங்கியிருக்கறப்ப, ஆபரேஷன் விஷயம் ஊர் பூரா எப்படிப் போச்சு?" என்று கேட்டாளாம். அந்தக் கல் தரையில் வருஷக்கணக்காக நின்று நின்று உன் இரண்டு குதிகாலும் போய், ஒன்றை அறுத்துத் தைத்து, மூன்று வாரமாகக் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாயாமே. எழுந்த பிறகு மெத்தை ஷூ இல்லாமல் தரையில் கால் வைக்கக்கூடாது என்று அங்கே டாக்டர் சொன்னாராமே.

நாள் பூரா நின்றால் தாங்குமா என்று நீ உனக்காகத்தான் கேட்டிருக்கிறாய். நான் ஒரு கழுதை, எனக்கு அடுத்த ஜோடி வரப்போகிறது என்று நினைத்தேன். நானும் லூடியும் அழுதாயிற்று. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. குணமானது போல் படமெல்லாம் வேண்டாம், மெல்லக் குணமாகு. உன் கேள்விக்குப் பதில்: தாங்கும். ரொட்டிக் கடை வரை நானே கண்ட உண்மை. அதே மாதிரி ஒரு ஜோடி, உன் அளவுக்கு எடு. நெனெத்தின் கைத்தாங்கலில் கடைக்குப் போய், போட்டு நின்று பார்த்து எடு. எடுத்த அன்றைக்கே போடு, சமையலறைக்குப் போடு, குப்பை கொட்டப் போடு, தேய்த்துத் தீர்த்துவிடு. இங்கே யாருக்கும் ஒன்றும் வாங்காதே.

ஞாயிறு பூசைக்கு நான் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு நடந்து போகிறேன். உன் அண்ணி இப்போதுதான் தன் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே தள்ளினாள்.